நான் ஜிபூத்திக்காரனாக இருந்த ஒரு மாதம்

எங்கள் அறையில் ஒரு சட்டம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் எதைக் கேட்டாலும் முதலில் "உய்" என்று சொல்லிவிட வேண்டும். யோசிப்பது பிறகு. உய் என்றால் ஓம், ஆமாம். "நோன்" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதை விளக்கப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். உய் என்றால் சிரித்துவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விடுவார்கள். பாரிஸின் லா சப்பலில், மெட்ரோ ஜன்னலுக்கு நேரே ஓடுகிற ஓர் அறையில், யாழ்ப்பாணத்து ஆண்கள் ஏழு பேரும் நாலு மெத்தைகளும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் குடியிருந்தோம்.

சட்டத்தால் சில சேதங்களும் உண்டு. ஒருவன் முடி வெட்டப் போய் உய் சொல்லி மொட்டையாகத் திரும்பி வந்தான். இன்னொருவன் கதவைத் தட்டிய விற்பனையாளனிடம் உய் சொன்னதில், நாய் வளர்ப்பது பற்றிய மாத இதழ் ஒரு வருசமாக எங்கள் முகவரிக்கு வந்துகொண்டிருந்தது. எங்களிடம் நாய் இல்லை. வந்தாலும் படுக்க இடம் இல்லை. ஆனால் இவர்கள் எல்லோரையும் நான் ஒரே பின்னேரத்தில் தூக்கிச் சாப்பிட்டேன். நான் உய் சொல்லி நாடே மாறிவிட்டேன்.

அது 1986. கலியாணம் முடித்து ஆறே மாதத்தில், 1983இல், நான் இங்கே வந்துவிட்டேன். மனைவி முதலில் ஊரிலும் பிறகு மெட்ராஸிலுமாக மூன்று வருசம் காத்திருந்தாள். ஞாயிறு தவறாமல் கிழமைக்கு ஒரு கடிதம் போடுவேன். அதில் என்னத்தை எழுதுவது? ஏழு பேருக்கு நாலு மெத்தை என்றா, பகல் முழுக்கச் சட்டி கழுவுகிறேன் என்றா? "இங்கே சரியான குளிர். நான் சுகம்." இவ்வளவும்தான். கோடையில்கூடக் குளிர் என்றுதான் எழுதினேன், பழக்க தோஷம்.

ஒருநாள் அவளிடமிருந்து தந்தி வந்தது. விசா கிடைத்துவிட்டது, ஏழு கிழமையில் வந்து இறங்குகிறேன் என்று. முதலில் துள்ளினேன். பிறகு திரும்பி நாலு மெத்தைகளையும் பார்த்தேன். துள்ளல் நின்றுவிட்டது.

அறை தேடி அலைந்த கதையை எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும். தொலைபேசியில் அறை இருக்கும். நான் நேரே போய் நின்றதும் அந்த நிமிசமே வாடகைக்குப் போய்விட்டிருக்கும். கடைசியில் ஒரு பாண் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, பின்தெருவில் மூன்றாம் மாடியிலிருந்த ஒரு மதாமின் கதவைத் தட்டினேன்.

எழுபது வயதைத் தாண்டிய, பென்சில் மாதிரி மெல்லிய மனுசி. சுவரில் ஒரு நீராவி ரயில் எஞ்சினின் பெரிய படம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நிறத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் தங்கி நின்றது. சரி, கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் ஜிபூத்தி. வீட்டுவரியோ காஸ் கட்டணமோ, ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

"உய்" என்றேன்.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. இன்னொரு கேள்வி. உய். இன்னும் ஒன்று, அதைவிட நீளமாக. உய், உய், மதாம். கோப்பி வந்தது. பிஸ்கட் வந்தது. ஆறாம் மாடிக்கு என்னை ஏற்றி ஓர் அறையைக் காட்டினார். ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கட்டில். எனக்கு அது அரண்மனை. கீழே வந்ததும் ஒரு தாளில் ஏதோ எழுதி என் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். வாடகைக்கு இவ்வளவு பாசம் காட்டுகிற ஆளை நான் பாரிஸில் கண்டதில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புதுச்சேரி அக்காவிடம் ஓடினேன். புதுச்சேரி அக்கா பாரிஸுக்கு வெளியே பொண்டி என்ற ஊரிலிருந்து சனிக்கிழமைகளில் கறிவேப்பிலை வாங்க லா சப்பலுக்கு வருவார். தபால் அலுவலகத்தில் வேலை. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அறைக்கு வரும் அரசாங்கக் கடிதங்களையெல்லாம் தமிழ்க் கடை வாசலில் நின்றபடியே வாசித்துச் சொல்லி, கையோடு திட்டியும் விடுவார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"தம்பி, நீ எந்த ஊருப்பா?"

"என்னக்கா, தெரியாதே? யாழ்ப்பாணம்."

"இதுல ஜிபூத்தின்னு போட்டிருக்கே. வர்ற மாசக் கடைசி சனிக்கிழமை மூணு மணிக்கு, ரயில்வேல பென்ஷன் வாங்கினவங்க சங்கத்துல, ஜிபூத்தியில பொறந்த நீ, ஜிபூத்தியோட வரலாறு, அரசாங்கம், பொருளாதாரம், மக்கள், இந்த நாலையும் பத்திப் பேசப் போற. எல்லாத்துக்கும் சம்மதம்னு சொன்னியாமே."

"ஜிபூத்தி எண்டா என்னக்கா?"

அக்கா கறிவேப்பிலைப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார். "அது ஒரு நாடுப்பா! ஆப்பிரிக்காவுல, கெழக்குக் கரையில. என் வீட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தப்ப ஆறு வருஷம் அங்க குடும்பம் நடத்தியிருக்கேன். எத்தனையோ நாடு இருக்க, எனக்குத் தெரிஞ்ச நாட்டுல போய்ப் பொறந்திருக்கியே!"

சிரித்து முடித்ததும் பட்டாளத்துக்காரர் பெண்சாதியாக மாறிவிட்டார். "வா. இப்பவே போய் நெஜத்த சொல்லிடுவோம். வயசான பொம்பளய ஏமாத்தக் கூடாது." உண்மையைச் சொன்னால் அறை போய்விடும். அறை போனால் மனைவியை எட்டாவது ஆளாக எங்கே படுக்க வைப்பது? ஆனாலும் அக்கா நடந்தால் பின்னால் நடக்கத்தான் வேண்டும்.

மதாமின் வீட்டில் அக்கா வாயைத் திறக்கவே வழி கிடைக்கவில்லை. என் மொழியும் பிரெஞ்சும் பேசுகிற ஒருவரைக் கண்ட சந்தோசத்தில் மதாமே எல்லாவற்றையும் கொட்டினார். படியிறங்கும்போது அக்கா எனக்குச் சொன்னது இதுதான். மதாமின் கணவர் ரயில் மெக்கானிக். ஜிபூத்தியிலிருந்து எத்தியோப்பியா போகும் பாதையில் பதினொரு வருசம் வேலை செய்தார். நோயாளித் தாயை விட்டு மதாமால் போக முடியவில்லை. அவர் லீவில் வரும்போதெல்லாம் அந்த ஊர் எப்படி என்று மதாம் கேட்பார். "வெயில்" என்பார் அவர். வேறொன்றும் சொல்ல மாட்டார். அப்படியே செத்தும் போய்விட்டார். அந்த ஊர் மனிதன் ஒருவன் வந்து சொல்லமாட்டானா என்று மதாம் இவ்வளவு காலமாகப் பார்த்திருந்தாராம்.

"இப்ப நான் எப்படிப்பா நெஜத்த சொல்றது?" என்று அக்கா இரண்டாம் மாடியில் நின்று மூக்கைச் சிந்தினார். "இன்னொண்ணு. கொந்திராவ உன் பொண்டாட்டி வந்தப்புறம் எழுதுவாங்களாம். ரெண்டு பேரும் காகிதங்களோட வந்து கையெழுத்துப் போடணும்." கொந்திரா என்றால் வாடகை ஒப்பந்தம். என் காகிதங்களில் இலங்கை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் சட்டமே அதுதானே, யோசிப்பது பிறகு.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம்வரை நடப்பேன். அக்கா ஜிபூத்தியைச் சொல்லிக்கொண்டே வருவார். பாடத்தின் நீளத்தை வீதிச் சிக்னல்கள் தீர்மானித்தன.

வரலாறு கொஞ்சம் நீளம், வழியில் இரண்டு சிவப்பு விளக்கு. "முதல்ல ஒபோக்னு ஒரு ஊரு. அங்க இருந்த சுல்தான்கிட்ட பிரெஞ்சுக்காரன் எடம் வாங்கினான். அப்புறம் பார்த்தா கப்பல் நிக்க எதிர்க்கரைதான் வசதி. மூட்டையக் கட்டிக்கிட்டு ஜிபூத்திக்கு மாறிட்டான். அங்கேர்ந்து அடிஸ் அபாபாவுக்கு ரயில் போட்டான். நாட்டுக்கு மூணு தரம் பேர் வச்சாங்க. முதல்ல சோமாலிகளோட பிரெஞ்சுக் கரை. அப்புறம் அஃபார்களும் இஸ்ஸாக்களும் இருக்கிற பிரதேசம். எழுபத்தேழுல சுதந்திரம் வாங்கி ஜிபூத்திக் குடியரசு. பேர மாத்தினா வெயில் கொறையும்னு நெனச்சாங்களோ என்னமோ. கொறையல."

அரசாங்கம் ஒரு வீதியைக் கடப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஒரு ஜனாதிபதி. ஒரு கட்சி. தேர்தல் உண்டு."

"அப்ப ஆரக்கா வெல்லுறது?"

"ஒரு கட்சின்னு சொல்றேன், யாரு ஜெயிப்பாங்கன்னு கேக்கிறியே. பைய ஒழுங்காப் பிடி."

பொருளாதாரத்தில் துறைமுகம், ரயில், பிரெஞ்சுப் பட்டாளம் செலவழிக்கிற காசு, அஸ்ஸால் ஏரியின் உப்பு. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற அந்த ஏரியிலிருந்து ஒட்டகங்களில் உப்பை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போவார்களாம். பிறகு காத் என்கிற ஓர் இலை. எத்தியோப்பியாவிலிருந்து தினமும் வரும். மத்தியானமானால் ஊரே அதைப் பார்த்திருக்கும். வந்து சேர்ந்ததும் ஆண்களெல்லாம் சாய்ந்து உட்கார்ந்து சப்பத் தொடங்கிவிடுவார்கள். "அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒரு காகிதம் நகராது" என்றார் அக்கா. மக்களில் அஃபார்கள், சோமாலி இனத்து இஸ்ஸாக்கள், யேமன் கடைக்காரர்கள். ஆடுகளையும் அக்கா மக்களோடு சேர்த்துத்தான் சொன்னார். ஓர் ஆடு அவருடைய கணவரின் லீவுக் கடிதத்தைத் தின்றுவிட்டதாம். அந்தக் கோபம் பதினைந்து வருசமாகியும் தணியவில்லை.

எல்லாவற்றையும் அக்கா பிரெஞ்சில், ஆனால் தமிழ் எழுத்தில், கடைக் காகிதப் பைகளின் பின்புறத்தில் எழுதித் தந்தார். நான் சட்டி கழுவிக்கொண்டே பாடமாக்கினேன். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வதில் யாழ்ப்பாணத்தானை யாராலும் அசைக்க முடியாது.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் அறையில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன். பாரிஸில் வெங்காயம் உரித்து உரித்து அந்தத் திறமை அவனுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தது. "மச்சான், வாசிக்கிறமாதிரிச் சொல்லாதை. மேடை எண்டா மேடைதான். வரலாற்றுக்கு வலக்கை மேலை போகவேணும். பொருளாதாரத்துக்கு ரெண்டு கையும். மக்கள் எண்டேக்கை நெஞ்சிலை கை வை, குரல் தழதழக்கவேணும்" என்றான். மெத்தையின் மேல் நிற்கவைத்துப் பழக்கினான். கீழ்மாடிக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தார். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ பயணிகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. அக்காவுக்கு அன்று பார்த்து பொண்டியில் ஒரு ஞானஸ்நானம். வர முடியவில்லை. மண்டபத்தில் இருபது பேரளவில் வயதானவர்கள். முன்வரிசையில் மதாம், சங்குப்பூ நிறச் சட்டையில். கடைசி வரிசையில் என் அறைக்காரர் ஆறு பேரும், தங்களிடமிருந்த குளிர் அங்கிகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு.

ஒரு நிமிசம் மௌனமாக நின்றேன். பேச்சுப் போட்டியில் அதற்கும் புள்ளி உண்டு. பிறகு "முசியே லெ பிரெசிதான்!" என்று முழங்கினேன். சங்கத் தலைவர் துள்ளி எழுந்துவிட்டார். காது கேட்கும் கருவி போட்டிருந்த ஒருவர் கையைக் கொண்டுபோய் அதைக் குறைத்துவைத்தார். ஒபோக்கில் வலக்கை மேலே போனது. சுல்தானுக்கு ஒரு பெருமூச்சு. நான் மூச்சு வாங்கிய இடமெல்லாம் கடைசி வரிசை கைதட்டியது. 1977க்கு வந்தபோது என் குரலைக் கேட்டால் ஜிபூத்திக்கு நானே போய்ச் சுதந்திரம் வாங்கிக்கொடுத்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

அரசாங்கம் முடிந்தது. பொருளாதாரம் தொடங்கியது. துறைமுகம், ரயில், உப்பு. உப்புக்குப் பிறகு ஒன்றுமில்லை. மூளை வெள்ளையாக இருந்தது. இரண்டு கைகளும் மேலே நிற்கின்றன, வாயில் சொல் இல்லை. காகிதப் பைகளோ வாசலில் தொங்கிய என் அங்கிக்குள். மதாம் முன்னால் சாய்ந்து காத்திருந்தார். எனக்கு அந்த அறை தெரிந்தது, கட்டில் தெரிந்தது, விமானத்திலிருந்து இறங்குகிற என் மனைவி தெரிந்தாள். வாய் தன்பாட்டில் திறந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் றெஸ்ரோரன்டின் குசினியில் பொறுக்கியது. அதுதான் வந்தது.

"உருளைக்கிழங்கு!" என்றேன், கையை இன்னும் உயர்த்தி. "லீக்ஸ்! கரட்! வெங்காயம்!" கடைசி வரிசை கைதட்டியது. நிறுத்த முடியவில்லை. "பெரிய சட்டி! சின்னச் சட்டி! கரண்டி!"

ஒரு கண்ணாடிக்காரர் குறிப்புப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கையை உயர்த்தினார். சட்டிகளை அங்கேயே செய்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். கையால் சட்டி மாதிரிக் காட்டினார்.

"உய்" என்றேன்.

அதன்பிறகு மக்கள் நினைவுக்கு வந்தார்கள். நெஞ்சில் கை வைத்தேன். ஆடு லீவுக் கடிதத்தைத் தின்றதையும் குரல் தழதழக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்து, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, கையால் விசிறிக் காட்டியபடி கேட்டார். அங்கே உண்மையாகவே அவ்வளவு வெயிலா?

"உய், மதாம்."

அன்று நான் சொன்ன உய்களில் உண்மையானது அது ஒன்றுதான். அவர் கண் கலங்கியது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. போய் அங்கியை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை மனைவி வந்து இறங்கினாள். மூன்று வருசத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள், நானும் அழுதேன், பக்கத்தில் நின்ற காவல்காரர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். நேரே மதாமிடம் போய்க் கொந்திராவில் கையெழுத்துப் போடவேண்டும். ரயிலில் வரும்போது அவளுக்குச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

"இஞ்சை பார், ஆர் என்ன கேட்டாலும் உய் எண்டு சொல்லு. விளங்கினாலும் உய், விளங்காட்டிலும் உய். அந்த மனுசி ஜிபூத்தி எண்டு ஏதேன் சொல்லுவா. அதுக்கும் உய்."

"ஏன் ஜிபூத்தி?"

"அது பெரிய கதை. பிறகு சொல்லுறன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மதாம் கேக் வாங்கி வைத்திருந்தார். மேசையில் ஒப்பந்தத் தாள், பேனா. மனைவியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, அன்பாகக் கேட்டார். நீங்களும் ஜிபூத்திதானா?

"நோன், மதாம்" என்றாள் என் மனைவி.

அவள் நிறுத்தவில்லை. நிதானமாக, முழு வசனமாக, எங்கும் தடுக்காமல் பிரெஞ்சு பேசினாள். நாங்கள் ஜிபூத்தி இல்லை, இலங்கை, யாழ்ப்பாணம் என்று சொல்லியிருக்கிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மதாம் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். அவர் கேட்டது எனக்கு விளங்கியது. அப்படியென்றால் நீங்கள் எனக்குப் பொய் சொன்னீர்களா?

வாழ்க்கையில் முதல் தடவையாக நோன் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"உய்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் தமிழில் கொட்டினேன். மனைவி பிரெஞ்சில் சொன்னாள். நாங்கள் ஏழு பேர், நாலு மெத்தை, சட்டம், அக்காவின் பை, சிக்னல் விளக்குகள், எல்லாம். இவளுக்கும் அவை புதுச் செய்திகள்தான். நாலு மெத்தையில் ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள். ஏரி உண்மை, உப்பு உண்மை, ஒட்டகம் உண்மை, ஆடு உண்மை, எல்லாம் அங்கே வாழ்ந்த அக்கா சொன்னது. உருளைக்கிழங்கிலிருந்து கரண்டிவரை மட்டும் என் சொந்தச் சரக்கு என்று சொல்லச் சொன்னேன்.

"மூண்டு வருசம் பாரிஸிலை இருந்து இதுதான் படிச்சதோ?" என்று இடையில் எனக்கு ஒன்று போட்டுவிட்டு அதையும் சொன்னாள்.

மதாம் சுவரிலிருந்த எஞ்சினை வெகுநேரம் பார்த்தார். கோபமாக இருந்தார், அது நன்றாகத் தெரிந்தது. கேக்கைத் தொடவில்லை. கடைசியில் அவர் சொன்னதை மனைவி எனக்குச் சொன்னாள். "என் கணவர் பதினொரு வருசத்தில் ஒரு சொல் சொன்னார். நீங்கள் அரை மணித்தியாலம் சொன்னீர்கள். சட்டிகளை எடுத்துவிட்டால் மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன்." பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். ஒரு நிபந்தனையோடு. அடுத்த கூட்டத்துக்குப் போய் நான் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

போனேன். மனைவி மொழிபெயர்க்க, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடிக்காரர் குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் சட்டிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். அக்கா மதாமின் பக்கத்தில் உட்கார்ந்து மண்டபம் பூட்டும்வரை ஜிபூத்தி பேசினார். பிரான்ஸ் அந்த நாட்டை 1977இல் விட்டுக்கொடுத்தது. நான் விட்டுக்கொடுக்க இன்னும் ஒன்பது வருசம் பிடித்தது.

ஆனால் கையெழுத்துப் போட்ட அந்த முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். ஆறாம் மாடி ஏறி, பெட்டியை வைத்துவிட்டு, மனைவி கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். நான் அவளிடம் கேட்டேன்.

"நீ எப்ப பிரெஞ்சு படிச்சனி?"

"மெட்ராஸிலை. ஒண்டரை வருசம் பின்னேர வகுப்புக்குப் போனனான்."

"எனக்கு ஒரு சொல் எழுதேல்லையே?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீங்கள் மூண்டு வருசமா எனக்கு ஒரே ஒரு சொல்தானே எழுதினியள், குளிர் எண்டு. மிச்சத்தை நான் வேறை ஆரிட்டையாவது கேட்டு அறியத்தானே வேணும். அதுக்குத்தான் படிச்சனான்."

திறந்திருந்த ஜன்னல் வழியே, கீழே மூன்றாம் மாடியில் மதாம் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நாலு மெத்தையிலிருந்து தொடங்கினேன்.